உஷார்! கயிறு இழுத்தும் கிளம்பாத இஞ்சின்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடலோர ஊர்களுக்கு ஒரு நாள் வரும். வங்கக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த தாழ்வு மண்டலம் கலைந்து, அதிகாரிகள் எச்சரிக்கையை விலக்கி, ‘நாளையிலிருந்து தொழிலுக்குப் போகலாம்’ என்று அறிவிக்கும் நாள். அதுவரை அடுப்புச் செலவுக்கே கடன் கேட்டு அலைந்த வீடுகள் அன்றைக்குத்தான் மூச்சு விடும். விடியுமுன்பே வலை ஏறும், ஐஸ் ஏறும், சாப்பாட்டுத் தூக்கு ஏறும்.

அந்த விடியற்காலையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பைபர் படகின் பின்பக்கத்தில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு இஞ்சின் அத்தனை நாளும் உப்புக்காற்றில் சும்மா கிடந்திருக்கிறது. டேங்கில் பழைய பெட்ரோல். கார்பரேட்டருக்குள் பாதி வற்றிப் பசையாகிப்போன எண்ணெய். பிளக்கில் கரி. முதல் இழுப்பில் எடுக்காது, நாலாவதிலும் எடுக்காது. கை ஓய்ந்துபோகும் நேரத்தில் இருமிக்கொண்டே எடுக்கும். ‘எடுத்துருச்சு, விடு, போற வழியில சரியாயிரும்’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

சரியாகாது! கரையில் தகராறு செய்த இஞ்சின் கடலில் ஒருபோதும் தானாகச் சரியாவதில்லை. ஆறேழு மணி நேரம் கழித்து, வலையை ஏற்றி முடித்து, கை சோர்ந்து, காற்று எழும்பியிருக்கும் நேரத்தில் அதே கோளாறு இன்னும் மோசமாக நிற்கும். அப்போது சுற்றிலும் மெக்கானிக் இல்லை, டவரும் நிச்சயமில்லை. அந்த நிலைமையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இஞ்சின் கோளாறு அல்ல. அடுத்த பத்து நிமிடத்தில் பதற்றத்தோடு செய்யும் காரியங்கள். இந்தக் கட்டுரை அந்தப் பத்து நிமிடத்துக்காக.

நடுக்கடலில் கயிற்றை இரண்டு மூன்று தடவை இழுத்தும் எடுக்கவில்லையா? கயிற்றை விட்டுவிடுங்கள். முதலில் அணியத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத்துக்கு ஓடி நங்கூரத்தை இறக்குங்கள். இதைத்தான் எல்லாரும் கடைசியாகச் செய்கிறார்கள். இஞ்சின் நின்ற படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொள்ளும், இல்லையென்றால் பின்பக்கத்தை அலைக்குக் காட்டும். இஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பலகையைத் தாழ்த்தி வெட்டியிருக்கும் படகுகள் ஏராளம். அங்கே ஒருத்தர் நின்று கயிறு இழுக்க, இன்னொருத்தர் மூடியைக் கழற்ற, மூன்றாமவர் எட்டிப் பார்த்து யோசனை சொல்ல, மூன்று பேர் எடையும் சேர்ந்து பின்பக்கம் இன்னும் அமிழும். ஒரே ஒரு பெரிய அலை போதும், படகுக்குள் தண்ணீர். நங்கூரத்தை அணியத்திலிருந்துதான் விட வேண்டும். அவசரத்தில் கைக்கு எட்டுகிறதே என்று பின்பக்கத்துக் கொக்கியில் கட்டிவிட்டால், கயிறு பின்பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடித்து, வரும் அலையை நேராக உள்ளே வாங்கும்.

ஆழம் அதிகமாக இருந்து நங்கூரம் தரை தொடவில்லை என்றால், வலையையோ, தார்ப்பாயையோ, கூடையையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விடுங்கள். தண்ணீருக்குள் அது இழுத்துப் பிடிக்கும். படகு முகத்தை அலைக்குக் காட்டி நிற்கும். அடித்துப் போகும் வேகமும் குறையும். மணிக்கு இரண்டு நாட்டிக்கல் மைல் நீவாடு (நீரோட்டம்) இருந்தாலே ஒரு மணி நேரத்தில் படகு 3.7 கிலோமீட்டர் போய்விடும். நீங்கள் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கரையே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வரைந்த கடல் எல்லையை, இஞ்சின் நின்ற படகு யாரும் வேண்டாமலே தாண்டிவிடும். அந்தப் பக்கத்து ரோந்துப் படகுக்காரரிடம் இஞ்சின் கதையைச் சொல்லி நிரூபிப்பது எளிதல்ல. சிறைவாசமும் படகு பறிபோவதும் எத்தனை வீடுகளை உடைத்திருக்கின்றன என்று ராமேஸ்வரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நங்கூரம் இறங்கியதும் லைஃப் ஜாக்கெட்டை எல்லாரும் போடுங்கள், தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறவரும் சேர்த்து. உடனே தகவல் சொல்லுங்கள். கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் காவல் பிரிவின் எண் 1093. வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி படகில் இருந்தால் அதன் பட்டனை அமுக்கக் கூச்சப்படாதீர்கள். ‘முதல்ல சரி பண்ணிப் பாப்போம், ஆகலைன்னா கூப்பிடுவோம்’ என்ற நினைப்புதான் ஆளை விழுங்குகிறது. போனில் சார்ஜும் டவரும் பகல் வெளிச்சமும் இருக்கும்போது சொன்னால் தேடுகிறவர்களுக்கு வழி உண்டு. பிறகு இஞ்சின் எடுத்துவிட்டால், எடுத்துவிட்டது என்று இன்னொரு போன் போடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் இஞ்சின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் ஸ்பானரை எடுக்காதீர்கள். கண்ணால் பார்த்துத் தீரும் காரணங்களே முக்கால்வாசி.

சிவப்புச் சுருள் கயிறு ஒன்று இருக்கிறதே, அதன் கிளிப் சுவிட்சில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். வலை இழுக்கும்போது முழங்கை பட்டுக் கழன்றிருக்கும். கிளிப் இல்லையென்றால் பிளக்கில் பொறியே வராது. நாள் முழுக்க இழுத்தாலும் எடுக்காது. இதைத் தெரிந்துகொண்டு சிலர் நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் துண்டை அந்த இடத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இன்றைக்கே அதைப் பிடுங்கிப் போடுங்கள். அந்தக் கயிறு உங்கள் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டியது. நீங்கள் தவறி விழுந்தால் கிளிப் கழன்று இஞ்சின் நிற்கும். நிற்காவிட்டால், கைப்பிடியைப் பிடிக்க ஆளில்லாத படகு நேராகப் போகாது. காற்றாடி (புரொப்பெல்லர்) சுற்றும் விசையிலேயே இஞ்சின் ஒருபக்கம் திரும்பி, படகு வட்டமடித்து, விழுந்த ஆளை நோக்கியே திரும்பி வரும். நீந்தத் தெரிந்தவன் என்ற தைரியம் அந்தத் தகடுகளுக்கு முன்னால் உதவாது.

அடுத்தது கியர். நியூட்ரலில் இல்லாவிட்டால் கயிறு இழுபடாத மாதிரியே பெரும்பாலான இஞ்சின்களைச் செய்திருக்கிறார்கள். கயிறு அசையவே இல்லை என்றால் இஞ்சின் இறுகிவிட்டது என்று பயப்படுமுன் கியரைப் பாருங்கள். அந்தப் பூட்டு தேய்ந்துபோன பழைய இஞ்சினாக இருந்தால் இன்னும் கவனம். கியரில் கிடக்கும்போது எடுத்துவிட்டால், நின்றுகொண்டு இழுத்தவர் பின்னால் தண்ணீரில் விழுவார், படகு முன்னால் பாயும்.

இனி எண்ணெய் விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் அதிகம் கிடப்பது இங்கேதான்.

டேங்க் மூடியின் மேல் ஒரு சின்னக் காற்றுத் திருகு இருக்கும். கரையில் தூக்கி வைக்கும்போது எண்ணெய் சிந்தாமலிருக்க மூடுவோம். திறக்க மறந்தால் இஞ்சின் எடுக்கும், கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நிற்கும். டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லாததால் எண்ணெய் வெளியே வராது. சரியாக அலை முறியும் இடத்தைத் தாண்டும்போது நின்று, படகைக் கவிழ்த்த கதைகள் கடற்கரையில் உண்டு. குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பம்பைத் தொட்டுப் பாருங்கள், அது பேசும். அம்புக்குறி இஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். இஞ்சின் பக்கத்து முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் சில அமுக்கில் கெட்டியாக வேண்டும். எத்தனை அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால் டேங்க் காலி, இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது: குழாயில் வெடிப்பு, இணைப்பில் தேய்ந்த ரப்பர் வளையம், சரியாகப் பூட்டாத கிளிப். அமுக்கியதும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு உப்பவில்லை என்றால் அடைப்பு டேங்க் பக்கம். காற்றுத் திருகோ, உறிஞ்சுகுழாயின் சல்லடையோ. கெட்டியாகவே இருந்தும் இஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை என்றால் அடைப்பு அந்தப் பக்கம், ஃபில்டரிலோ கார்பரேட்டரிலோ.

மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கன்னியாகுமரியிலிருந்து பாக் நீரிணை வரை, அக்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் வரை இந்த வகை இஞ்சின்கள்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இவை பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாத எண்ணெய் பற்றாது. அதனால்தான் நிறுத்துவதற்கு முன் சில நிமிடங்கள் மறுபடி பெட்ரோலில் ஓட்டி, கார்பரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். பெட்ரோல் விற்கும் விலையில் அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடிக்கிறார்கள். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது வடக்கின் மீனவர்கள் கரையிலேயே முடங்கியதை மறக்க முடியாது. ஒவ்வொரு சொட்டையும் எண்ணி ஊற்றுகிறவரிடம் ‘வீணாக்கு’ என்று சொல்வதாக எண்ண வேண்டாம். அந்தக் கால் டம்ளர் பெட்ரோல்தான் திரும்பி வரும் வழி.

வலை விட்ட இடத்தில் மண்ணெண்ணெயிலேயே இஞ்சின் நின்று, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆறிவிட்டால் பிறகு எவ்வளவு இழுத்தாலும் எடுக்காது. இழுக்க இழுக்க பிளக் நனையும், அவ்வளவுதான். அப்போது செய்ய வேண்டியது, எண்ணெய் மாற்றும் திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, கார்பரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே கிடக்கும் மண்ணெண்ணெயை ஒரு டப்பாவில் பிடித்துவிட்டு, மறுபடி இறுக்கி, ரப்பர் பம்பை அமுக்கிப் புதுப் பெட்ரோலை நிரப்புவது. பிளக்கையும் கழற்றித் துடைக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. கிளப்புவதற்கு மட்டும் என்று சின்னக் கேனில் வைத்த பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவாகும். வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கும். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இஞ்சினைப் பற்றவைப்பது. கேனைத் திறந்து திறந்து மூடும்போது முதலில் பறந்துபோவதும் அதுதான். கேனில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் கிளப்பும் சக்தி அதில் இல்லை.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் பற்றியும் உஷார். நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகிவிட்டது. பல அவுட்போர்டு இஞ்சின்களின் கையேட்டைத் திறந்து பாருங்கள், 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றிருக்கும். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் குணம் உடையது. ஈரக் கடற்காற்று, மூடாத டேங்க், மூடியில் தெறித்த அலை என்று தண்ணீர் சேர்ந்துகொண்டே போய் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கூட்டாகப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்! அந்தத் திரவத்தில் இஞ்சின் எடுக்காது. எடுத்துத் தொலைத்தால் அது இன்னும் கேடு. டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு உயவு கொடுப்பது பெட்ரோலில் கலந்த ஆயில்தான். அந்த ஆயில் மேலே மிதக்கும் பெட்ரோலோடு போய்விட, அடித் திரவத்தைக் குடிக்கும் பிஸ்டன் காய்ந்து உரசி இறுகிவிடும். பல நாள் கிடந்த டேங்காக இருந்தால், அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நடுவே கோடு தெரிந்தால் அந்த எண்ணெய் வேண்டாம். குலுக்கினால் சேர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழையதைக் கடலில் கொட்டவும் வேண்டாம். நாளைக்கு வலை விடப்போவதும் அதே தண்ணீரில்தான்.

எண்ணெய் வருகிறது, ஆனாலும் எடுக்கவில்லை. அப்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் சிலிண்டர் வரை வரவில்லை என்று பொருள்; மேலே சொன்ன பாதையை மறுபடி தடவிப் பாருங்கள். நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, பொறி வரவில்லை, அல்லது சோக்கை இழுத்து இழுத்து எண்ணெய் அதிகமாகிவிட்டது. சூடான இஞ்சினுக்குச் சோக் தேவையே இல்லை. பதற்றத்தில் எல்லாரும் இழுப்பது அதைத்தான். அதிகமானதை வெளியேற்றச் சோக்கை உள்ளே தள்ளி, எண்ணெய்க் குழாயைக் கழற்றி, சிவப்புக் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே சில தடவை கயிற்றை இழுங்கள். கிளிப் இல்லாததால் பொறி வராது, உள்ளே இருக்கும் எண்ணெய் மட்டும் வெளியேறும். நன்றாகக் காற்றாடவிட்டுச் சிந்தியதைத் துடைத்த பிறகு காய்ந்த பிளக்கை மாட்டுங்கள். பிளக் எண்ணின் கடைசியில் 10 என்று போட்டிருக்கும் என்.ஜி.கே. பிளக்குக்கு இடைவெளி 1 மில்லிமீட்டர். கரியைச் சுரண்டுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. கையேடு சொன்ன எண்ணையே வாங்குங்கள். மண்ணெண்ணெய் இஞ்சினுக்கும் பெட்ரோல் இஞ்சினுக்கும் பிளக் ஒன்றல்ல.

பொறி வருகிறதா என்று சோதிக்கும் விதத்தைப் பார்த்தால் உடம்பு நடுங்குகிறது. பிளக்கைக் கழற்றி, கேபிளோடு விரலில் பிடித்து இஞ்சின் உடம்பில் ஒட்டிவைத்துக்கொண்டு, ‘இழுடா தம்பி’ என்கிறார்கள். பிளக் துளையிலிருந்து ஒவ்வொரு இழுப்புக்கும் பெட்ரோல் ஆவி பீச்சி அடிக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பொறி தெறிக்கிறது. பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. அமைப்பில் வரும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். உப்புத் தண்ணீரில் நனைந்த கை அதைத் தாங்காது. அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்தால் கடல். கேபிளை இஞ்சின் உடம்பில் சேர்க்காமல் தொங்கவிட்டு இழுத்தால் சி.டி.ஐ. பெட்டியே எரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. பொறிச் சோதிப்பான் என்று சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. வாங்கிப் பெட்டியில் போடுங்கள். அது இல்லாத இடத்தில் அந்தச் சோதனையே வேண்டாம். புது பிளக் மாட்டிப் பாருங்கள், கேபிள் மூடிக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் துடைத்து அழுத்தி மாட்டுங்கள், கிளிப்பை ஒருமுறை கழற்றிப் போடுங்கள். இவ்வளவுக்கும் பொறி வராத இஞ்சினை நடுக்கடலில் சரிசெய்ய முடியாது. வீண் முயற்சியில் வெளிச்சத்தை இழக்காதீர்கள்.

இன்னொன்று. ‘கார்பரேட்டர் வாயில கொஞ்சம் பெட்ரோல் ஊத்து, புடிச்சுக்கும்’ என்ற வைத்தியம். தயவுசெய்து வேண்டாம்! இஞ்சின் பின்னடித்தால் அந்த வாயிலிருந்தே தீ வெளியே வரும். ஊற்றிய கையில் பெட்ரோல் டப்பா இருக்கும். மண்ணெண்ணெயோடு பழகிய கை பெட்ரோலையும் அதே மாதிரி கையாள்கிறது, ஆபத்தே அங்கேதான். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவு ஆவியாகக் குறைந்தது 38 டிகிரி சூடாவது வேண்டும். பெட்ரோலுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே அது நடந்துவிடும். நம் ஊர் வெயிலில் திறந்த டப்பா ஒவ்வொன்றும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலையாது. படகின் அடித்தட்டில், வலைக்கு அடியில், ஐஸ் பெட்டி ஓரத்தில் தங்கி நிற்கும். பத்தடி தள்ளி அணியத்தில் உட்கார்ந்து ஒருவர் பீடி பற்றவைத்தால் போதும். பைபர் பற்றினால் எளிதில் அணையாது. தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். உலர் பொடி தீயணைப்பான் ஒன்று படகில் இருக்க வேண்டும், அதுவும் டேங்குக்குப் பக்கத்தில் அல்ல. தீ மூண்டால் எட்டாத இடத்தில் இருந்து என்ன பயன்? டேங்கில் எண்ணெய் ஊற்றுவதானால் டேங்கைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் வைத்து ஊற்றுங்கள்.

இழுகயிறே அறுந்துபோவது உண்டு. அப்போது மேல்மூடியையும் சுருள் பெட்டியையும் கழற்றி, சுழலும் சக்கரத்தில் தனிக்கயிற்றைச் சுற்றி இழுப்பார்கள். அதற்கென்றே சக்கரத்தில் வெட்டும் இருக்கிறது, கையேட்டிலும் வழி சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் கியர் பூட்டு வேலை செய்யாது. கியரில் கிடந்தாலும் இஞ்சின் எடுத்துவிடும். கயிறு சக்கரத்தைவிட்டுக் கழன்ற வேகத்தில் சாட்டையாகப் பின்னால் வீசும், பின்னால் நிற்பவரின் கண் போய்விடும். எடுத்த பிறகு அந்தச் சக்கரம் மூடியில்லாமல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. லுங்கி முனை, கழுத்துத் துண்டு, நீண்ட முடி எதையும் அது விட்டுவைக்காது. லுங்கியை மடித்துச் செருகுவது போதாது. கழற்றி வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு நில்லுங்கள். எடுத்த பிறகு சுருள் பெட்டியைத் திரும்ப மாட்டப் போகாதீர்கள். அப்படியே மெதுவாகக் கரைக்கு.

கியர் நியூட்ரலில் இருந்தும் கயிறு கல்லாக நிற்கிறதா? வலிந்து இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம், பிஸ்டன் இறுகியிருக்கலாம். நியூட்ரலில் நன்றாக எடுத்து, கியர் போட்டதும் நிற்கிறது என்றால் காற்றாடியில் வலை சிக்கியிருக்கும். இஞ்சினை நிறுத்தி, கிளிப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கத்தியோடு காற்றாடிக்குக் கையைக் கொண்டுபோங்கள். இஞ்சின் கடலில் விழுந்து எடுக்கப்பட்டது என்றால் இழுத்துப் பார்க்கவே வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, பிளக்குகளைக் கழற்றிச் சாய்த்து வடித்து, காய்வதற்குள் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். காற்றுப் பட்ட உப்பு சில மணி நேரத்திலேயே உலோகத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

கரையில் சோதித்துப் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. மரச்சட்டத்தில் மாட்டித் தண்ணீரே இல்லாமல் ‘ஒரு செகண்டு’ முறுக்கிப் பார்க்கிறார்கள். தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் தண்ணீரில்தான் வழுக்கி ஓடும். காய்ந்து சுற்றினால் சில நொடிகளிலேயே உரசித் தேயத் தொடங்கிவிடும். அது போன இஞ்சின் அடுத்த நாள் கடலில் கொதித்து நிற்கும். பேரலில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் துளைக்கு மேல்வரை மூழ்கவைத்து ஓட்டுங்கள். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கடலிலும் எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பீச்சலைத்தான். சோதிக்கும் இடத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள். அப்பாவின் இஞ்சின் எடுக்கும்போது கிட்டே போய்ப் பார்க்காத பிள்ளை எந்தக் கடற்கரையில் இருக்கிறது?

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இளந்தொழிலாளி தயங்கித் தயங்கி, ‘அண்ணே, சத்தம் சரியில்லைண்ணே, இன்னைக்கு வேணாம்’ என்கிறான். ‘சும்மா இருடா, ஐஸ் போட்டாச்சு, எண்ணெய் கடன்ல எடுத்தாச்சு’ என்று படகுக்காரர் அடக்கிவிடுகிறார். அவர் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும், வட்டி நிற்காது. ஆனாலும் அண்ணே, அந்தப் பையனின் காதை நம்புங்கள். கரையில் ஒன்றிரண்டு இழுப்பில் எடுத்துக்கொண்டிருந்த இஞ்சின் இன்றைக்கு ஐந்து, ஆறு கேட்கிறது என்றால் அந்த நாள் தொழிலுக்கு இல்லை. வழியில் நின்று, பிறகு எப்படியோ எடுத்துவிட்டாலும் அன்றைக்கு வலை விட வேண்டாம். எடுத்த இஞ்சினை நிறுத்தாமல் நேராகக் கரைக்குத் திருப்புங்கள். எச்சரிக்கை விலகும் என்று தெரிந்தால் முதல் நாள் சாயங்காலமே பேரலில் ஓட்டிப் பாருங்கள். பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றி, புது பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், இழுகயிறு, குழாய் இணைப்பின் ரப்பர் வளையம், மாற்றுக் கிளிப், டார்ச் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வர ஒரு துடுப்பும், மீறினால் விரிக்க ஒரு பாயும் இருந்த காலத்தை நம் தாத்தாக்கள் கண்டவர்கள். இன்றைய பைபர் படகில் துடுப்பே இல்லாமல் போவதைப் பார்க்கிறேன். இரண்டு துடுப்பு வையுங்கள்.

உதவிக்கு இன்னொரு படகு வந்துவிட்டால், கட்டி இழுக்கும் கயிற்றை அணியத்து வளையத்தில் கட்டுங்கள். இஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பூட்டுங்கள். எல்லாரும் நடுவிலும் பின்னிலும் உட்காருங்கள். இழுபடும் கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது உயிரெடுக்கும் வேகத்தில் திரும்பி வரும். அலை முறியும் இடத்தில் இழுத்துக்கொண்டு கரையேற முயலாதீர்கள். துறைமுகமோ முகத்துவாரமோ பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள், இல்லையென்றால் அலை முறியும் இடத்துக்கு வெளியிலேயே நங்கூரமிட்டு நில்லுங்கள்.

வீட்டில் இருக்கும் அக்கா, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சொன்ன நேரம் தாண்டி, பக்கத்துப் படகுகள் வந்த பிறகும் வரவில்லை என்றால் இருட்டும் வரை காத்திருக்காதீர்கள், ‘மீன் நல்லா படுது போல’ என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளாதீர்கள். 1554-ஐ அழையுங்கள். படகின் பதிவு எண், பெயர், நிறம், உள்ளே எத்தனை பேர், எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், கடைசியாக எந்தப் படகுக்காரர் எங்கே பார்த்தார், இப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று சொல்லுங்கள். தேடும் கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தத் தகவலை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பதிவு எண்ணை இன்றைக்கே அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.